மின்சாரத்துக்கு முன்பு காற்று: உருக்காலையின் அனல் மின் நிலையத்தில் கற்றவை

உருக்காலைக்குள் இயங்கும் அனல் மின் நிலையம், மின்வாரியத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய நிலையங்களின் சிறிய வடிவம்தான் என்ற எண்ணத்தோடு வேலையில் சேரும் இளம் பொறியாளர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கொதிகலன், டர்பைன், ஜெனரேட்டர், நிலக்கரிக் கிடங்கு, சாம்பல் குளம் எல்லாம் இரண்டு இடங்களிலும் இருப்பதால் அந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் மின்வாரிய நிலையத்தில் ஒரு யூனிட் நின்றுபோனால், அந்தச் சுமையை மின்தொகுப்பில் உள்ள மற்ற நிலையங்கள் ஏற்றுக்கொள்ளும். உருக்காலையிலோ நம் கொதிகலன் தடுமாறினால், சற்றுத் தள்ளி நிற்கும், தாதை உருக்கி இரும்பாக்கும் ஊதுலைக்குள் 1,500 டிகிரி அளவில் உருகிக் கிடக்கும் இரும்பும் கசடும் என்ன ஆகும் என்ற கேள்வி உடனே எழுந்துவிடும். அந்தக் கேள்வியை எப்போதும் மனத்தில் வைத்துக்கொண்டு கொதிகலனை ஓட்டுவதுதான் இந்த வேலை.

நான் இதைக் கற்றது தொண்ணூறுகளின் நடுவில், விசாகப்பட்டினம் உருக்காலையில். 1971 சனவரியில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, நெடுங்காலம் காத்திருந்து, 1992 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலை அது. இந்தியாவில் கடற்கரையை ஒட்டி அமைந்த முதல் ஒருங்கிணைந்த உருக்காலை. கோதாவரி, கிருஷ்ணா என்று நதிகளின் பெயர் சூட்டப்பட்ட அதன் அப்போதைய இரண்டு ஊதுலைகளும் தலா 3,200 கன மீட்டர் கொள்ளளவு கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் நின்ற அனல் மின் நிலையத்தில், மணிக்கு 330 டன் நீராவி தரும் ஐந்து கொதிகலன்களும், 60 மெகாவாட் அளவில் மூன்றும் 67.5 மெகாவாட் அளவில் ஒன்றுமாக நான்கு டர்பைன் ஜெனரேட்டர்களும் இருந்தன. மொத்தம் 247.5 மெகாவாட். ஊதுலையின் மேல்வாய் அழுத்தத்திலிருந்தும், நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக்கை உலர்முறையில் குளிர்விக்கும்போது கிடைக்கும் வெப்பத்திலிருந்தும் எடுத்த மின்சாரத்தையும் சேர்த்தால் ஆலையின் அப்போதைய சொந்த உற்பத்தித் திறன் 286.5 மெகாவாட்.

ஆனால் அந்தக் கட்டடத்தின் மிக முக்கியமான எந்திரங்கள் ஜெனரேட்டர்கள் அல்ல. அதே நீராவியில் சுழலும் மூன்று டர்போ புளோயர்கள்தாம் முக்கியமானவை. ஊதுலைக்கு வேண்டிய காற்றை அழுத்தி அனுப்புவது அவற்றின் வேலை. ஒரு புளோயர் முழுத் திறனில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,000 கன மீட்டர் காற்றைத் தள்ளும். எடையில் கணக்கிட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏழரை டன்னுக்கு மேல். இந்தக் காற்று ஸ்டவ் எனப்படும் வெப்ப அடுப்புகளில் 1,000 டிகிரிக்கு மேல் சூடாகி, ஊதுலையின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள டுயர் எனும் செம்பு மூக்குகள் வழியே உள்ளே பாய்கிறது. உருகிய கசடு அந்த மூக்குகளுக்குள் ஏறாமல் தடுத்து நிற்பதும் இந்தக் காற்றின் அழுத்தமே. காற்று திடீரென்று நின்றால் கசடு டுயருக்குள்ளும் அதை ஒட்டிய குழாய்க்குள்ளும் புகுந்து உறைந்துவிடும். அதைவிட மோசமாக, உலைக்குள் இருக்கும் வாயு பின்னோக்கி வந்து காற்றுக் குழாயில் கலந்தால் வெடித்துவிடும். மின்சாரம் ஐந்து நிமிடம் இல்லையென்றால் எஃகை உருட்டி வடிவமாக்கும் உருட்டாலை நிற்கும், அவ்வளவுதான். காற்று ஐந்து நிமிடம் முன்னறிவிப்பின்றி நின்றால், உலையை மீட்டெடுக்க நாட்கணக்கில் ஆகலாம்.

ஐந்து கொதிகலன்களின் நீராவியும் ஒரே பொதுக் குழாயில் சேர்ந்து அங்கிருந்துதான் ஜெனரேட்டர்களுக்கும் புளோயர்களுக்கும் பிரிகிறது என்றால், ஒரு கொதிகலன் ட்ரிப் ஆகும், அதாவது தானே நின்றுபோகும், கணத்தில் அந்தக் குழாயின் அழுத்தம் சரியத் தொடங்கும். அப்போது யாரைப் பட்டினி போடுவது என்று முடிவெடுக்கச் சில விநாடிகளே கிடைக்கும். இதை முழுமையாக நான் பார்த்தது பின்னாளில், கிழக்கிந்தியாவில் வேறோர் உருக்காலையில். ஆடி மாதத்து மழை இரவு. ஈர நிலக்கரி வழியிலேயே அடைத்துக்கொண்டதால் ஒரு கொதிகலனில் தீச்சுடர் அணைந்து, பாதுகாப்பு அமைப்பு அதை நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டு மேசையில் இருந்த ஒடியா முதுநிலை ஆபரேட்டர் யாரையும் கேட்கவில்லை, எழுந்து நிற்கவும் இல்லை. ஒரு ஜெனரேட்டரின் சுமையைக் கையாலேயே இறக்கிக்கொண்டே போனார். மற்றொரு கையால் தொலைபேசியை எடுத்து, "கிரிடிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், நான் இறக்குகிறேன்" என்று துணைமின் நிலையத்துக்குச் சொன்னார். புளோயரின் பக்கம் அவர் கை போகவேயில்லை. ஊதுலைக்காரர்கள் அழுத்தத்தில் ஒரு சிறு சரிவை மட்டும் கண்டு, என்ன விஷயம் என்று பிறகு கேட்டார்கள்.

மறுநாள் நிதிப் பிரிவிலிருந்து கேள்வி வந்தது. ஒப்பந்த அளவுக்கு மேல் மின்தொகுப்பிலிருந்து மின்சாரம் எடுத்ததால் அந்த மாதக் கட்டணம் கூடியிருந்தது. ஆனால் அந்த ஆபரேட்டரிடம் யாரும் விளக்கம் கேட்க முடியவில்லை. பொதுக் குழாயின் அழுத்தம் இன்ன அளவுக்குக் கீழே வந்தால் எவரையும் கேட்காமல் முதலில் ஜெனரேட்டர் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற உத்தரவு, துறைத் தலைவரின் கையொப்பத்தோடு கட்டுப்பாட்டு அறையின் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. புதிதாகப் பொறுப்பேற்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: நெருக்கடியில் எடுக்க வேண்டிய முடிவை நெருக்கடிக்கு முன்பே எடுத்து, எழுத்தில் வைத்து, மேசையில் இருப்பவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு மேலதிகாரியின் அனுமதிக்காகக் காத்திருக்க நீராவிக்கு நேரமில்லை.

ஊதுலையின் மொழியைக் கற்றுக்கொள்ளாமல் மின் நிலையத்தை ஓட்ட முடியாது. செக்கிங் என்று அங்கிருந்து சொன்னால் காற்றைக் குறைக்கப் போகிறார்கள் என்று பொருள். அதோடு, கொதிகலனில் எரிக்க ஊதுலையிலிருந்து நமக்கு வரும் எரிவாயுவும் குறையும். ஹேங்கிங் என்றால் உலைக்குள் கொட்டிய தாதும் கோக்கும் இறங்காமல் தொங்குகின்றன. சிறிது நேரத்தில் அவை சரிந்து விழும்போது, ஸ்லிப் என்று அவர்கள் சொல்லும் அந்த நொடியில், எரிவாயுக் குழாயில் அழுத்தம் ஒரேயடியாக எகிறிக் கொதிகலனின் பர்னர்கள் அதிரும். ஸ்டவ் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிய ஸ்டவ்வை நிரப்பக் காற்றில் ஒரு பகுதி போவதால், புளோயரின் அழுத்தம் சற்றே இறங்கி ஏறும். அதைக் கோளாறு என்று எண்ணிக் கையை நீட்டும் புதியவர்களை நான் தடுத்திருக்கிறேன். உலை தொங்கும்போது காற்று உள்ளே போக வழியின்றிப் பாய்வு குறைந்தால் புளோயர் சர்ஜ் ஆகும், அதாவது காற்று அதற்குள் முன்னும் பின்னும் அலையும். கட்டடத்தின் அடிவயிற்றிலிருந்து பெரிய மிருகம் ஒன்று உறுமுவது போன்ற அந்த ஒலியை ஒரு முறை கேட்டவர், காற்றை வெளியேற்றும் வால்வு சரியாக இயங்குகிறதா என்று சோதிப்பதை மறக்க மாட்டார். எனவே சேர்ந்த முதல் மாதத்திலேயே ஊதுலையின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு முழு ஷிப்ட் உட்கார்ந்திருங்கள். வார்ப்புத் தளத்தில் நின்று இரும்பு ஓடுவதையும் பாருங்கள். நேரடித் தொலைபேசியில் ஒலிக்கும் குரலுக்கு முகம் கிடைத்துவிட்டால், "இன்னும் பத்து நிமிடத்தில் குறைக்கப் போகிறோம்" என்ற செய்தி கேட்காமலே வந்துசேரும். அந்தப் பத்து நிமிடம் கொதிகலன்காரருக்குப் பெரும் செல்வம்.

ஏனெனில் ஊதுலை நம்மிடம் காற்றை வாங்கிக்கொண்டு எரிவாயுவைத் திருப்பித் தருகிறது. இந்த வாயு வலுவற்றது. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ கலோரிதான் கிடைக்கும். கோக் உலை வாயுவில் 4,000க்கு மேல் கிடைக்கும். ஆனாலும் ஊதுலை வாயு இலவசமாக, பெருமளவில் வருகிறது. எரிக்காவிட்டால் உயரமான தூணின் உச்சியில் வீணாக எரியும் தீயாகப் போய்விடும். அந்தத் தீயைப் பார்க்கும் நிர்வாகம் கொதிகலனில் வாயுவைக் கூட்டி நிலக்கரியைக் குறைக்கச் சொல்லும். அதில் நியாயமும் உண்டு. மணிக்கு 40,000 கன மீட்டர் வாயு எரித்தால், நம் ஊர் நிலக்கரியில் ஒன்பது டன் அளவுக்கு மிச்சம். ஆயினும் நிலக்கரி அரைக்கும் மில்களை முழுவதும் நிறுத்திவிட்டு வாயுவையே நம்பி ஓட்டுவதை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன். ஊதுலை குறைந்தால் வாயு நிமிடங்களில் வற்றிவிடும். நின்றுபோன மில்லைச் சூடாக்கி நிலக்கரி ஏற்றுவதற்குள் அழுத்தம் போய்விடும். அரைச் சுமையில் ஓடும் ஒரு மில், தயாராக வைத்த எண்ணெய் பர்னர், இவை இரண்டும் வீண்செலவு அல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊதுலை வாயு தானாகத் தீயைத் தாங்கி நிற்காது. அருகில் நிலக்கரியோ எண்ணெயோ கோக் உலை வாயுவோ நிலையாக எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அதைத் திறக்க வேண்டும்.

வாயுவைக் கூட்டும்போது நீராவியின் வெப்பநிலை ஏறுவதைப் புதியவர்கள் வியப்போடு பார்ப்பார்கள். வலுவற்ற வாயுவில் வெப்பம் ஏறுமா என்று கேட்பார்கள். சுடரின் வெப்பம் குறைவாக இருப்பதால் கொதிகலனின் உலைச்சுவர்க் குழாய்கள் குறைவாகவே வெப்பத்தை வாங்குகின்றன. அதே வேளையில் புகையின் அளவு பெருகி, நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களின்மேல் அதிகமாக வீசுகிறது. 540 டிகிரியில் நிற்க வேண்டிய நீராவி அதைத் தாண்டப் பார்க்கும். நீர் தெளித்துக் குளிர்விக்கும் வால்வு முழுவதும் திறந்துவிட்டால் கையிருப்பு ஒன்றும் இல்லை. அந்த வால்வு எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே வாயுவைக் கூட்டுங்கள்.

நிலக்கரியைப் பொறுத்தவரை, விசாகப்பட்டினத்துக்கு வந்தது ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி. சாம்பலும் ஈரமும் மிகுந்தது. கிடங்கில் குவித்துவைத்தால் தானே புகையத் தொடங்கும். அடுக்கடுக்காகப் பரப்பி, புல்டோசரால் அழுத்தி, பழையதை முதலில் எடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கென்று கூரைக்கடியில் சில நாட்களுக்கான உலர்ந்த நிலக்கரியை ஒதுக்கிவைத்து, அதைக் கோடையில் தொடாமல் காப்பாற்றுவது ஒரு தனிப் போராட்டம். குழாயில் நிலக்கரி அடைத்துக்கொண்டதை முதலில் காட்டுவது மில் மோட்டாரின் ஆம்பியர் குறைவதும், மில்லிலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பநிலை ஏறுவதும்தான். அவ்வேளையில் சுத்தியலை எடுத்துக் குழாயை அடிக்க ஓடுவதற்கு முன், சூடான காற்றைக் குறைத்துக் குளிர்ந்த காற்றைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மில்லுக்குள் தங்கிய தூள் தீப்பிடிக்கலாம். அடைப்பு விலகி மொத்த நிலக்கரியும் ஒன்றாக விழுந்தால் கொதிகலனின் உலைக்குள் அழுத்தம் பொங்கித் தீ வெளியே பாயலாம்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். ஊதுலை வாயுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கோக் உலை வாயுவாவது நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும், இது காட்டாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு சேர்ந்துகொள்வதால், தலைவலி என்று உணர்வதற்குள் கால்கள் தளர்ந்துவிடும். நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த சராசரி அளவு பத்து இலட்சத்தில் 50 பங்கு. குழாயில் இருப்பதோ இரண்டு இலட்சம் பங்குக்கும் மேல்.

இந்த வாயுக் குழாய் நெடுகிலும், உள்ளே படியும் நீர் வடிவதற்காக சீல் பாட் எனப்படும் நீர்ப்பானைகள் தொங்கும். அவற்றில் நிற்கும் நீரின் உயரமே வாயுவை வெளியே வரவிடாமல் பிடித்துவைக்கிறது. ஒவ்வொரு பானைக்கும் சிறு குழாயில் இடைவிடாது நீர் வரும்; மிகுதி, விரல் பருமனில் ஒரு ஒழுக்காக வெளியே வழிந்துகொண்டே இருக்கும். நான் குறிப்பிட்ட அந்தக் கிழக்கிந்திய ஆலையில், ஒரு கடுங்கோடையில் நீர்த் தட்டுப்பாடு காரணமாக யாரோ அந்தச் சிறு குழாயின் வால்வைத் திருகிக் குறைத்திருக்கிறார்கள். மதிய ஷிப்டில் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்த சார்ஜ்மேன் எனும் மேற்பார்வையாளர், ஒரு பானையின் கீழே தரை உலர்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்தார். வழக்கமாகப் பாசி படிந்து வழுக்கும் இடம் அது. அந்த நிழலில் இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் சாப்பாட்டுக்குப் பின் சாய்ந்திருந்தார்கள். ஒருவர் வெயிலால் தலைவலி என்று கண்ணை மூடியிருந்தார். சார்ஜ்மேனின் சட்டைப்பையில் இருந்த வாயு எச்சரிக்கைக் கருவி கூவத் தொடங்கியது. அவர் அருகே ஓடவில்லை. காற்று வீசும் திசைக்கு மேற்பக்கமாக விலகி நின்று, உரத்துக் கத்தி எழுப்பி, இருவரையும் தம் பக்கம் நடந்து வரச்செய்தார். எழ முடியாதிருந்தால் சுவாசக் கருவி அணிந்தவர்கள் வந்துதான் தூக்கியிருக்க வேண்டும். மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்து, மறுநாள் இருவரும் வீடு திரும்பினார்கள்.

அன்று முதல் சீல் பாட் ஒழுக்கைப் பார்த்து ஷிப்ட் புத்தகத்தில் கையெழுத்திடுவதை நான் பணியாற்றிய இடங்களிலெல்லாம் கட்டாயமாக்கினேன். கட்டுப்பாட்டு அறைத் திரையில் காட்டும் நீர்மட்டத்தைவிடக் கண்ணால் கண்ட ஒழுக்கு நம்பத்தக்கது. வாயுப் பகுதிக்கு ஒருவர் தனியே போகக் கூடாது; விழுந்தவரைக் காப்பாற்ற வெறும் மூக்கோடு யாரும் ஓடக் கூடாது. மூடிய வால்வு ஒன்றை நம்பிக் குழாயைத் திறக்கக் கூடாது. நீர் சீல் நிரப்பி, குழாயைத் தகட்டால் முழுவதும் அடைக்கும் காகிள் வால்வின் தகட்டை இறக்கி, உள்ளே நைட்ரஜனோ நீராவியோ செலுத்தி வாயுவை வெளியேற்றிய பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். நீரும் வாயுவும் சந்திக்கும் எந்த இடமும் ஆபத்தான இடம் என்பதை 2014 சூன் 12 அன்று பிலாய் உருக்காலையில் நடந்தது காட்டியது. நீரழுத்தம் இழந்த நிலையில் ஊதுலை வாயு பம்ப் ஹவுஸ் பக்கம் பின்னேறி வந்ததில் ஆறு பேர் உயிரிழந்தனர்; நிலைமையைச் சரிசெய்யச் சென்ற மூத்த அதிகாரிகளும் அவர்களில் அடக்கம்.

மின்தொகுப்போடு உள்ள உறவையும் சொல்லிவிடுகிறேன். 2012 சூலை 31 அன்று பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் ஒன்றாகச் சரிந்தபோது நான் அந்தக் கிழக்கிந்திய ஆலையில் பணியில் இருந்தேன். தெற்குத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்படாததால் தமிழ்நாடும் ஆந்திரமும் தப்பின, நாங்கள் தப்பவில்லை. அதிர்வெண் குறைந்ததைக் கண்ட ரிலே எனும் பாதுகாப்புக் கருவி எங்கள் ஆலையைத் தொகுப்பிலிருந்து அறுத்துத் தனித்தீவாக்கியது. அடுத்த கணமே உருட்டாலைகளின் சுமை தானாக வெட்டப்பட்டது. எஞ்சியவை ஊதுலையின் குளிர்நீர்ப் பம்புகள், கொதிகலனின் ஊட்டுநீர்ப் பம்புகள், விசிறிகள், கோக் அடுப்பின் வாயு உறிஞ்சிகள் ஆகியவை மட்டும். தனித்தீவில் ஒரு ஜெனரேட்டர் மட்டுமே அதிர்வெண்ணைப் பிடிக்க வேண்டும்; மற்றவை நிலையான சுமையில் நிற்க வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று போட்டியிட்டால் தீவும் மூழ்கிவிடும். எந்தச் சுமை எந்த வரிசையில் வெட்டப்படும் என்ற பட்டியலை உருட்டாலையின் பொறியாளர்களோடு உட்கார்ந்து ஆண்டுக்கொரு முறையேனும் திருத்த வேண்டும். ஆலை விரிவாகும்போது புதிய மோட்டார்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். பட்டியல் பழையதாகவே இருந்தால் வெட்ட வேண்டிய மெகாவாட் அங்கே இருக்காது.

இப்போது கட்டப்படும் ஊதுலைகள் பலவற்றில் புளோயரைச் சுழற்றுவது நீராவி டர்பைன் அல்ல, பெரிய மின் மோட்டார். அங்கே நான் மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தாது. ஜெனரேட்டரை இறக்கினால் காற்றும் சேர்ந்து இறங்கக்கூடும். அத்தகைய ஆலையில் மின்தொகுப்பு இணைப்பின் வலிமை, தனித்தீவு ரிலேயின் அளவமைப்பு, மோட்டாருக்கான மாற்று மின்வழி ஆகிய மூன்றும்தான் ஊதுலையின் உயிர். ஆகவே புதிய இடத்தில் சேரும்போது எத்தனை மெகாவாட் என்று கேட்பதற்கு முன், புளோயர் எதில் சுழல்கிறது, அது நின்றால் மாற்று எத்தனை நிமிடத்தில் வரும், அதைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஓட்டிப் பார்த்து நெடுநாள் ஆயிற்று என்றால், ஊதுலையின் அடுத்த பராமரிப்பு நிறுத்தத்திலேயே அதற்கு ஒரு நாள் குறித்து, மாற்று புளோயரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.